கணக்கு வீட்டுப்பாடமும் வீட்டாரின் கடமையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையை எடுத்துச் சொல்வது வழக்கம். வள்ளுவரும் ஔவையாரும் எண்ணையும் எழுத்தையும் கண்ணுக்கு ஒப்பாகச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. படிப்பு வேண்டாம் என்று நினைக்கிற ஒருவர்கூட இந்த மண்டபத்தில் இல்லை. ஆகையால் பெரிய விஷயங்களை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் நாள்தோறும் மாலையில் நடக்கிற ஒரு சின்னக் காரியத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதுதான் கணக்கு வீட்டுப்பாடம்.

பல வீடுகளில் அது எப்படி நடக்கிறது? அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்பார்: "தம்பி, கணக்கு முடிஞ்சிச்சா?" "முடிஞ்சிச்சும்மா." "எல்லாம் சரியா இருக்கா?" "சரியாத்தான் இருக்கு." அவ்வளவுதான், புத்தகம் பைக்குள் போய்விடும். அக்கறை உள்ள தாய் என்பதால்தான் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கிறார். நான் குறை சொல்லவில்லை. ஆனால், மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "எப்படிச் செஞ்சே? எனக்குச் சொல்லு" என்பதே அந்தக் கேள்வி. இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் அதைப் பற்றித்தான்.

வீட்டுப்பாடம் எதற்கு?

ஆசிரியர் வீட்டுக்குக் கணக்குக் கொடுத்து அனுப்புவது எதற்காக? பிள்ளை தெருவில் ஆடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கட்டும் என்பதற்காக என்று சிலர் நினைக்கிறார்கள். அது இல்லை. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் கைப்பழக்கம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உளியை எப்படிப் பிடிப்பது என்று மண்டோர் ஒருநாள் காட்டிக் கொடுத்துவிடுவார். பார்க்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். ஆனால், மேலோட்டமாக வெட்டினால் பால் குறைகிறது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படுகிறது. அந்த அளவு கைக்குப் பிடிபட எத்தனை நாள் ஆகிறது! வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கும் அப்படித்தான். பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும். தனியாக உட்கார்ந்து செய்யும்போதுதான் புரிந்ததா இல்லையா என்று தெரியும். படித்ததைத் திரும்பத் தொடாவிட்டால் மனித மனம் எவ்வளவு விரைவாக மறந்துவிடுகிறது என்பதை ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்து 1885ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்.

இரண்டாவது காரணத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர் எட்டிப் பார்க்கிற சன்னல் அந்தக் கணக்குப் புத்தகம்தான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

503இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 225. ஒரு மாணவன் 375 என்று எழுதியிருக்கிறான். தந்தை பார்த்தால், "கவனமே இல்லை, விளையாட்டுப் புத்தி" என்று தலையில் ஒரு குட்டு வைப்பார். ஆனால், அந்தப் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறான். 3இலிருந்து 8 போகாது. ஆகவே 8இலிருந்து 3ஐக் கழித்து 5 போட்டான். 0இலிருந்து 7 போகாது. ஆகவே 7 போட்டான். 5இலிருந்து 2ஐ எடுத்து 3 போட்டான். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பது என்று தானாகவே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். பக்கத்துப் பத்திலிருந்து கடன் வாங்கும் இடம்தான் அவனுக்குப் புரியவில்லை.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் கணக்குகளை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். தவறுகளில் பல கவனக்குறைவால் வருபவையல்ல என்றும், தவறான ஒரு முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்றும் காட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர் அந்த மாணவனை அழைத்து, கடன் வாங்கும் இடத்தை மட்டும் பத்து நிமிடத்தில் திருத்திவிடுவார். அந்த 375 ஆசிரியருக்குக் கிடைத்த நல்ல செய்தி.

இப்போது நினைத்துப் பாருங்கள். அதே மாணவன் காலையில் பேருந்தில் நண்பனுடைய புத்தகத்தைப் பார்த்து 225 என்று எழுதியிருந்தால்? ஆசிரியர் சிவப்பு மையில் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அம்மாவுக்கும் சந்தோஷம். பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அது அடுத்த ஆண்டு வகுத்தலில் வந்து நிற்கும், அதற்கடுத்த ஆண்டு தசமத்தில் வந்து நிற்கும். பிறகு, "எம்புள்ளைக்குக் கணக்கு வராதுங்க" என்று நாமே சொல்லிவிடுவோம். பார்த்து எழுதிய சரியைவிடத் தானே செய்த தவறு மேலானது. பிள்ளைகளே, இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிக் காலம்

முன்பு பார்த்து எழுத ஒரு நண்பன் வேண்டும். இன்றைக்கு அதுவும் வேண்டாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளைகள் செய்து, படம் பிடித்து அனுப்பினார்கள். ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களை நாம் மறக்க முடியாது. அந்தக் கைப்பேசியால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால், கணக்கைப் படம் பிடித்தால் விடையைச் சொல்லிவிடும் வசதியும் அதிலேயே வந்துவிட்டது. வழியையும் சேர்த்தே எழுதிக் காட்டுகிறது. விடை மட்டும்தான் வேண்டுமென்றால் பிள்ளை உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

ஆகவேதான் மூன்றாவது கேள்வி முன்னைவிட இன்றைக்கு அதிகம் தேவைப்படுகிறது. கைப்பேசி எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை பார்த்து எழுதலாம். ஆனால், "இந்த 2 எங்கேருந்து வந்துச்சு?" என்று தாயோ தாத்தாவோ கேட்கும்போது, தானாகச் செய்த பிள்ளைதான் பதில் சொல்லும்.

ராமானுஜனும் சிலேட்டும்

"விடை சரியா இருந்தாப் போதாதா? வழி எதுக்கு எழுதணும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

கணித மேதை ராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். ஏழைக் குடும்பம். காகிதம் வாங்கக் காசு இல்லை. ஆகவே சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். 1913ஆம் ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலும் முடிவுகள்தாம் நிறைந்திருந்தன. 1920ஆம் ஆண்டு, 32 வயதிலேயே அவர் மறைந்தார். அந்த நோட்டுப் புத்தகங்களில் இருந்த முடிவுகளுக்கு வழி கண்டுபிடிக்க உலகக் கணித அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1970களில் அந்த வேலையில் இறங்கினார். அது 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய நூல்களாக வெளிவந்தது.

ராமானுஜன் மேதை. ஆகவே அவருடைய வழியைத் தேட உலகமே உட்கார்ந்தது. நம் வீட்டுப் பிள்ளையின் வழியை யார் தேடுவார்கள்? அவனேதான் எழுதி வைக்க வேண்டும். ராமானுஜனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கிறது. வரி வரியாக எழுதுங்கள். தப்பாகப் போனால் அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே திரும்பச் செய்யுங்கள். ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே பென்சில் கோட்டை அழிப்பதால்தான் வந்தது. 1770ஆம் ஆண்டில் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் அதன் அழிக்கும் குணத்தைப் பற்றி எழுதினார். ரப்பர் விளைந்த தோட்டங்களில் பிறந்த நாம், கணக்குப் புத்தகத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் குறைவாகப் பயன்படுத்துவோம்!

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவலாம்

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா நாங்க படிச்சது மூணாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக் கணக்கை நாங்க எப்படிச் சொல்லித் தர்றது?" என்று பெற்றோர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. தாய்மார்களே, நீங்கள் சொல்லித் தரவே வேண்டாம். அது ஆசிரியர் வேலை. நீங்கள் கேளுங்கள், பிள்ளை சொல்லட்டும். படிக்காதவர்களிடம் விளக்குவது பிள்ளைக்கு இன்னும் நல்லது. எல்லாம் தெரிந்தவரிடம் பாதி சொன்னால் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். உங்களிடம் முழுவதும் சொல்ல வேண்டும். சொல்லும்போது எங்கே திக்குகிறதோ, அங்கேதான் புரியவில்லை.

நம் பேச்சுத் தமிழே உங்களுக்குத் துணை நிற்கும். பின்னக் கணக்கில் பிள்ளைகள் அடிக்கடி செய்கிற தவறு ஒன்று உண்டு. 1/4ஐயும் 1/2ஐயும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட இதைப் பிடித்துவிடுவார். "கால் தோசையும் அரைத் தோசையும் சேர்ந்தா எவ்வளவுடா?" என்று கேட்டால், "முக்கால்" என்று பிள்ளை தானாகச் சொல்லும். "நீ எழுதியிருக்கிறது மூணுல ஒரு பங்குதானே! கையில இருந்த அரையைவிடக் குறைஞ்சு போச்சே!" என்று கேளுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திரும்ப எடுக்கும். கழித்தல் சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. வந்த விடையோடு கழித்த எண்ணைக் கூட்டச் சொல்லுங்கள். 375ஓடு 278ஐக் கூட்டினால் 653 வரும், 503 வராது. பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றியும் கவலை வேண்டாம். 2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளிலும் கணக்கை ஆங்கிலத்தில் படித்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே வீட்டில் அண்ணன் ஒரு சொல் சொல்வான், தங்கை ஒரு சொல் சொல்வாள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கழித்தல் 'தோலாக்' ஆகிவிடும், பெருக்கல் 'டாராப்' ஆகிவிடும். எந்தச் சொல்லானாலும் வழி ஒன்றுதான். அந்த வழியை வீட்டுத் தமிழில் சொல்லிப் பழகிய பிள்ளை எந்த மொழியிலும் தடுமாறாது.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

சில பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து, "வீட்டுப்பாடம் நெறையக் குடுங்க சார்" என்று கேட்கிறார்கள். வீட்டுப்பாடத்தைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ஹாரிஸ் கூப்பர் என்பவர் 1989இலும் 2006இலும் தம் முடிவுகளை வெளியிட்டார். உயர்வகுப்புகளில் வீட்டுப்பாட நேரத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு தெரிகிறது. தொடக்கப்பள்ளி வயதில் அந்தத் தொடர்பு மிகக் குறைவாகவே இருக்கிறது என்றார். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது அவர் ஏற்றுக்கொண்ட அளவு. முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம், மூன்றாம் வகுப்புக்கு அரை மணி, ஆறாம் வகுப்புக்கு ஒரு மணி. அதுவும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து.

எனவே சிறு பிள்ளைகளுக்குக் கணக்கின் எண்ணிக்கை முக்கியமில்லை. முப்பது கணக்கை அரைத் தூக்கத்தில் செய்வதைவிட, ஐந்து கணக்கை வழியோடு செய்து, அதில் ஒன்றை வீட்டாருக்கு விளக்குவது நல்லது. ஆசிரியர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள்: ஐந்து கொடுங்கள், ஐந்தையும் பாருங்கள். அதில் இரண்டு இன்றைய பாடத்திலிருந்தும், மூன்று பழைய பாடங்களிலிருந்தும் இருக்கட்டும்.

நம் வாழ்க்கையே கணக்குத்தான்

இவ்வளவு வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், கைநாட்டு வைக்கிறவர் வேறொருவர். 40 கிலோ பால் நிறுத்தால், அதில் நூற்றுக்கு 30 ரப்பர் என்று ஸ்டோரில் சொன்னால், 12 கிலோ என்று எழுதுவார்கள். அந்த 12 எப்படி வந்தது என்று கேட்கத் தெரியாமலேயே பல பேர் காலத்தைக் கழித்தார்கள். எழுதியவர் நல்லவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால்? கேட்க வாய் இருந்தும் கணக்கு இல்லை. "எப்படி வந்துச்சு?" என்று அன்றைக்குக் கேட்க முடியாத அதே கேள்வியைத்தான் இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்கிறேன்.

இன்றைக்குச் சம்பளச் சீட்டு கையில் வருகிறது. அதைப் பிள்ளையிடம் காட்டுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. இ.பி.எப். என்று நாம் சொல்கிற ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதற்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு நூற்றுக்கு 13. பிள்ளை கணக்குப் போடட்டும். 1,700க்கு 187 வெள்ளி உங்கள் பங்கு, 221 வெள்ளி முதலாளி பங்கு, ஆக மொத்தம் மாதம் 408 வெள்ளி சேமநிதியில் சேர வேண்டும். சேர்ந்திருக்கிறதா என்று கணக்கு அறிக்கையைப் பார்த்து அந்தப் பிள்ளையே சொல்லும்.

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கமாகக் கொடுத்தால் 6,000 வெள்ளி. "மாசம் 217 வெள்ளிதான் அண்ணே, 36 மாசம்" என்கிறார் கடைக்காரர். கேட்கச் சுலபமாக இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளையைப் பெருக்கச் சொல்லுங்கள். 7,812 வெள்ளி. 1,812 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால், தெரிந்து வாங்குவோம்.

தாத்தா பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கட்டிக் கணக்கில் சாமான் வாங்கியவர்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். "அஞ்சு கட்டி மீனு எத்தனை கிலோடா?" என்று தாத்தா கேட்கட்டும். பேரன் 3 கிலோ என்று சொல்லட்டும். அதுவும் வீட்டுப்பாடம்தான்.

முடிவாக

பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, பிள்ளை கணக்குச் செய்கிற அரை மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். இரண்டாவது, பிள்ளைக்காக நீங்களோ அக்காவோ கணக்கைச் செய்து கொடுக்காதீர்கள்; தெரியாவிட்டால் தெரிந்த மட்டும் செய்துவிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். மூன்றாவது, தவறு செய்த பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். தவறுக்கு அடி விழும் வீட்டில் பிள்ளை தவறை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

மாணவச் செல்வங்களே! தேர்வுகள் வரும், போகும். 1988இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. எந்தத் தேர்வு வந்தாலும் போனாலும், நீங்களே செய்து பழகிய கணக்கு உங்களை விட்டுப் போகாது. இன்று பரிசு வாங்குகிற பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். உங்கள் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை இது. பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அடித்துத் திருத்திய கோடுகள் நிறைய இருக்கின்றனவா? அதற்காக வெட்கப்படாதீர்கள். அது உழைக்கிற பிள்ளையின் புத்தகம். அதை மறைக்காமல் ஆசிரியரிடம் நீட்டுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு ஏறி வர அதுவே படி.